முப்பத்தெட்டு சபாஷ்

கறையம்மாவுக்கு மேஸ்திரி முப்பத்தெட்டு சபாஷ் பாக்கி. கைமாற்று என்று வாங்கியிருந்தால்கூட வட்டியோடு மறந்திருப்பாள். இது அப்படி வந்த கடன் அல்ல. "எல்லாம் உனக்குத்தான் அக்கா" என்று அவன் வாயாலேயே சொல்லி, பிறகு அவன் கையாலேயே வாங்கி, அவன் பையிலேயே போட்டுக்கொண்ட முப்பத்தெட்டு சபாஷ். கேட்டபோது அப்படி ஒரு கடனே கிடையாது என்றும் சொன்னான். அங்கேதான் அவன் தப்புக் கணக்குப் போட்டான்.

சபாஷ் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறுபது பேர் வேலை செய்யும் பெரிய லாண்டரி அது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மேசை விரிப்புகளும் லாரி லாரியாக அழுக்கோடு வந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். அங்கே புதிதாக வந்த மேனேஜருக்கு ஒரு யோசனை. முதலாளி தட்டிக்கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் தட்டிக்கொடுக்க வேண்டும், அதுதான் மனசில் ஒட்டும் என்றார். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆளுக்கு மூன்று மஞ்சள் வில்லை கொடுத்துவிடுவார். பிளாஸ்டிக் வில்லை, நடுவில் ஓட்டை. துணி மடிக்கும் பெரிய மேசையைச் சுற்றி எல்லாரும் நிற்க வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிளார்க் அதைச் சுவரில் இருக்கும் பலகையில் எழுதுவார். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளக் கூடாது, வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கொடுத்ததை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. வாங்கிய வில்லையை அவரவர் அலமாரிக் கதவில் தொங்கும் கம்பியில் கோத்துக்கொள்ளலாம். வருசக் கடைசியில் கேஷியர் எண்ணிப் பார்த்து, ஒரு வில்லைக்கு ஒரு நோட்டு கொடுப்பார். அரை நாள் கூலி.

மேனேஜர் அதற்கு ஏதோ நீளமான பேர் வைத்திருந்தார். ஆட்கள் அதை சபாஷ் என்றார்கள். "உனக்கு இந்த மாசம் எத்தனை சபாஷ்?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கறையம்மா அந்த லாண்டரிக்கு வந்தபோது பதினாறு வயசு. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஈரத் துணியை உதறிப் போடும் வேலையில் சேர்ந்தாள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போகும். கறைமேசையில் இருந்த கிழவர் வேலையை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அவள் போய் நின்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முகர்ந்து பார்த்தும், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தும், தன் புடவையைக் கெடுத்தும், சம்பளத்தில் அபராதம் கட்டியும் அவளே கற்றுக்கொண்டாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்குச் சுடுதண்ணீர், மைக்கு சாராயம் என்று அவள் வாய் ஓயாது. டீக்கறையா காப்பிக்கறையா என்று பத்தடி தள்ளி நின்று சொல்லுவாள். பெற்றவர்கள் வைத்த பேர் மறைந்து, கறையம்மா என்பதே பேராக நின்றது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது, கர்வம்தான்.

"இந்த வீடு, இந்த பீரோ, மேல சுத்துற ஃபேன், எல்லாம் அடுத்தவன் அழுக்குல வந்தது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். இரண்டு அறை வீடுதான். ஆனால் ஒரு செங்கல்கூட மாமனார் கொடுத்ததில்லை, அப்பன் கொடுத்ததில்லை. அவள் வீட்டுக்காரர் மரக்கடையில் காவல்காரர். பகலில் தூங்குகிற மனுசன். "அழுக்குக்கு நன்றி சொல்லு, ஆண்டவனுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

இப்போது கடனுக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாண்டரியில் அவளும், மெஷினில் துணி போடும் லோடரும் மட்டும்தான். அந்த லோடர்தான் பிறகு மேஸ்திரி ஆனவன். அவன் செல்போனில் பேசிக்கொண்டே வெள்ளை மேசை விரிப்பு மூட்டையோடு ஒரு சிவப்புத் திரைச்சீலையையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டான். மெஷினைத் திறந்தால் நூற்றுக்கும் மேல் விரிப்பு, அத்தனையும் ரோசாப்பூ நிறம். மறுநாள் காலை பெரிய ஓட்டலுக்குப் போக வேண்டிய சரக்கு.

அவன் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, என் வேலை போச்சுக்கா. பொண்டாட்டி மாசமா இருக்கா. அப்படியே காய வச்சு மடிச்சு அடியில வச்சுடறேன், யாருக்கும் தெரியாது."

டிரையர் கதவில் வைத்த அவன் கையை அவள் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"மடையா! காஞ்சா முடிஞ்சது. ஈரமா இருக்கிற வரைக்கும் சாயம் விருந்தாளி. காஞ்சுட்டா வீட்டுக்காரன். அப்புறம் யார் சொன்னாலும் கிளம்ப மாட்டான்."

"காப்பாத்துக்கா. இதுக்கு எனக்கு எத்தனை சபாஷ் வந்தாலும் எல்லாம் உனக்குத்தான் அக்கா. பொறக்கப் போற புள்ள மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் இருக்கட்டும். தண்ணிய சூடு பண்ணு."

சாயம் எடுக்கும் தூள் அவள் மேசைக்கு அடியில் டப்பாவில் இருக்கும். நெருப்புக்குச்சி கிழித்த மாதிரி வாடை நெஞ்சைப் பிடிக்கும். சன்னல் போதாது, ஃபேன் போதாது. பொழுது சாயும் வரை ஒவ்வொரு நடையாக அவள் அலசி எடுத்தாள். கடைசி விரிப்பு வெளியே வந்தபோது முதல் நாள் நெய்த துணி மாதிரி வெளுப்பு. அவன் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவளுக்கு இருமல் நிற்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் அந்த வாரம் முழுக்க எழுந்திருக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் முதல் சனிக்கிழமை வந்தது.

அவள் திரும்பி வந்தபோது லோடரின் கம்பி மஞ்சளாகத் தொங்கியது. முப்பத்தெட்டு. பலகையைப் படிக்கச் சொல்லி மடிப்பு மேசையில் நிற்கும் நெட்டச்சியைக் கேட்டாள். நெட்டச்சி அவள் சிநேகிதி, ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் படித்தாள்.

"சிவப்புத் துணியைக் கவனிக்காம கலந்தது கறைமேசையாம். ஒத்தை ஆளா நின்னு காப்பாத்தினது லோடராம். எல்லாரும் அவனுக்குக் குடுத்துட்டோம். நீ ஏன்டி சொல்லாமப் படுத்துட்டே?"

அவள் நேராகப் பாய்லர் பக்கம் போனாள். அவன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி என் சபாஷ்?"

"எந்த சபாஷ்க்கா?" என்றான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "காய்ச்சல்ல ஏதாவது கனவு கண்டியா? நல்லா ரெஸ்ட் எடு."

மேனேஜரிடம் போனாள். அவர் நல்ல மனுசன், அதுதான் சங்கடம். நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு சொன்னார்: "பொறாமை வேண்டாம்மா. அடுத்த தடவை உங்களுக்கும் கிடைக்கும்."

பொறாமை. அந்த ஒரு சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சோறு இறங்கவில்லை. அந்த வருசம் மகளுக்கு நர்ஸ் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தில் கொஞ்சம் குறைந்தது. சரியாக அந்த முப்பத்தெட்டு நோட்டு இருந்தால் அடைந்திருக்கும். காதுத்தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். அது மூழ்கியே போனது. அதற்குப் பிறகு கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வெறுங்காது அவளிடம் கேட்டது: எங்கே என் முப்பத்தெட்டு?

வருசம் ஒன்று போனது. லோடர் மேஸ்திரி ஆனான். அவள் கம்பியில் ஒரு வில்லைகூட ஏறவில்லை. சிவப்புத் துணியைக் கலந்தவள் என்று புதிதாக வந்தவர்கள்கூட அவளைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. கொடுப்பதற்கென்று மாதா மாதம் மேனேஜர் தந்த மூன்று வில்லையையும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிறவளுக்கும் தண்ணீர் கொண்டுவருகிறவனுக்கும் கொடுத்துவந்தாள். எல்லாரும் அவள் அடங்கிவிட்டதாக நினைத்தார்கள். அடுப்பில் சத்தமில்லாமல் எரிவதும் நெருப்புத்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருசம் முதல் சனிக்கிழமை. அவள் முறை வந்தது. மூன்று வில்லையையும் மேசையில் வைத்தாள்.

"மூணும் நம்ம மேஸ்திரிக்கு" என்றாள். "நேத்து அந்தத் தலையணை உறையில இருந்த மைக்கறை. எனக்குப் புரியவே இல்ல. அவர்தான் சொன்னார், சாராயம் தொட்டுத் தட்டு, தேய்க்காதேன்னு. போயே போச்சு. கறையில இப்படி ஒரு கை இந்த வேலையில கிடையாது."

மேஸ்திரிக்கு வாய் திறந்தபடி நின்றது. அவனுக்கு மைக்கறையும் தெரியாது, சாராயத்தைக் குடிக்க மட்டும்தான் தெரியும். ஆனால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாதே. வாங்கிக்கொண்டான். கிளார்க் அழகாக எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் கறைமேசைக்கு வந்தான்.

"என்னக்கா இது?"

"என்ன தம்பி? நீ மேஸ்திரி. கீழ இருக்கிறவ மேல இருக்கிறவரை நாலு வார்த்தை நல்லதாச் சொன்னா தப்பா?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான். "வயசானா புத்தி வரும்னு சொல்றது சரிதான்" என்றான். பணிந்துவிட்டாள் என்று முடிவு கட்டினான்.

மாதா மாதம் நடந்தது. கறையை எடுப்பது அவள். சபாஷ் அவனுக்கு. துருக்கறையா, மேஸ்திரி சொன்ன வழி. உதட்டுச் சாயமா, மேஸ்திரி கண்டுபிடித்த பக்குவம். "ஈரம் காயக் கூடாது, சாயம் ஈரத்துல விருந்தாளிதான்னு மேஸ்திரி சொல்லுவார்" என்று தன் வாக்கையே அவன் பேரில் எழுதவைத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊதிய பலூன் எல்லாருக்கும் பிடிக்கும். அவன் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தான். கறைத்துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, "ம்ம்" என்று தலையாட்டிக் கீழே வைப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. பத்திரமாக வைத்திருந்த பொய் அவனுக்கே மெய்யாகிவிட்டது.

வீட்டில் மகள் கத்தினாள். "உன் தோட்டைத் தின்னவனுக்கு மாசாமாசம் மூணு நோட்டா? உனக்கு என்னம்மா ஆச்சு? விட்டுத் தொலைக்கிறதா இருந்தா விட்டுத் தொலை, இப்படி ஏன் கும்பிடறே?"

வீட்டுக்காரர் போர்வையை விலக்கினார். "பழி வாங்கறவங்க அரிவாளைத் தீட்டுவாங்க. உங்கம்மா மாலை கட்டறா."

"மாலை கனமாகட்டும்" என்றாள் கறையம்மா. "கழுத்து தாங்குதான்னு பாப்போம்."

பாதி வருசம் போனதும் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். போன தடவை உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், நான் மூணாங்கிளாஸ். தப்பா இருந்தா மன்னிச்சுக்கணும். வருசக் கடைசியில யார் அதிகமா சபாஷ் வாங்கறாங்களோ, அவங்க எதுக்காக வாங்கினாங்களோ அதை எல்லார் முன்னாலயும் ஒரு தடவை செஞ்சு காட்டினா என்ன? காதால கேட்டது மறந்துடும். கண்ணால பாத்தா புதுசா வர்றதுங்க கத்துக்கும்."

மேனேஜர் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாருங்க, இதுதான் நான் எதிர்பார்த்த மனசு!" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. அவளுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

வருசக் கடைசி வந்தது. மேஸ்திரிதான் முதல். பக்கத்தில்கூட ஆள் இல்லை. அன்று காலை அவன் கறைமேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஏதோ ஒரு துணி குடுப்பாங்களாம். நீ பக்கத்துலயே நில்லு. எதை எடுக்கணும்னு கண்ணைக் காட்டு, நான் ஊத்திக்கறேன்."

"நான் எங்க தம்பி போகப் போறேன்? அங்கதான் நிப்பேன்."

முதலில் கேஷியர் பணம் கொடுத்தார். மேஸ்திரி தடித்த கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். பை பிதுங்கியது. அதன் பிறகு முதலாளியம்மா முன்னால் வந்தார். அவர் வருசத்துக்கு ஒரு தடவைதான் அங்கே வருவார். கையில் மூடி போட்ட வாளி. அதற்குள்ளிருந்து ஈரத்தோடு ஒரு மேசை விரிப்பை எடுத்து விரித்தார். வெள்ளைப் பருத்தி, அதில் வெள்ளைப் பட்டு நூலில் பூ வேலை. பாதித் துணியில் செக்கச்சிவப்பாகச் சாயம் பரவிக் கிடந்தது.

"எங்கம்மா கையால போட்ட பூ" என்றார். "நேத்து வேலைக்காரப் பொண்ணு சிவப்புத் துணியோட ஊற வச்சுட்டா. ரெண்டு கடையில முடியாதுன்னுட்டாங்க. உங்க பலகையில எழுதறதை மேனேஜர் மாசாமாசம் எனக்கு அனுப்புவார். அதுல படிச்சுத்தான் காய விடாம கொண்டு வந்தேன். நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?"

எல்லாரும் கை தட்டினார்கள். மேசையில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று ப்ளீச், ஒன்று சாயம் எடுக்கும் தூள். சாதாரண வெள்ளைத் துணி என்றால் ப்ளீச் ஊற்றியும் எப்படியோ சமாளிக்கலாம். பட்டு நூலில் அது பட்டால் பூ மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும், அதற்குப் பிறகு ஆண்டவன் வந்தாலும் மீட்க முடியாது. இது கறையம்மாவுக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது; அந்த ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் போட்டுக் கொடுத்ததோடு சரி, அவள் எதைக் கரைத்தாள் என்று அவன் பார்க்கவில்லை. ஆனால் ஏதோ தெரியவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

அவன் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒற்றைக் கண்ணை மூடினான். "ம்ம்" என்றான். பிறகு கூட்டத்தில் அவளைத் தேடினான். அவள் நெட்டச்சிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் அவன்மேலேயே இருந்தது. இமை அசையவில்லை.

அவன் கை ப்ளீச் டப்பாவுக்குப் போனது. அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கை பின்வாங்கித் தூள் டப்பாவுக்குப் போனது. மறுபடி பார்த்தான். அதே முகம். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஊத்துங்க மேஸ்திரி" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

அவன் மறுபடி ப்ளீச்சை எடுத்து மூடியைத் திருகினான். வாடை எழுந்தது. முதலாளியம்மாவின் விரல்கள் துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

"அது பட்டு" என்றாள் கறையம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். வைத்த வேகத்தில் கொஞ்சம் மேசையில் சிந்தியது. "அக்கா" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அதே குரல். "அக்கா, இங்க வாயேன்."

அவள் வந்தாள். துணியைத் தொடவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, வலது கையை விரித்து நீட்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"பாக்கி சார். வாயில இருக்கறது பாதி, பையில இருக்கறது பாதி. முதல்ல வாயில இருக்கறதைச் சொல்லு தம்பி."

"அக்கா, அப்புறம் பேசிக்கலாம்க்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதானே ஒரு வருசமா ஏத்திவிட்டேன். நீ அன்னைக்குச் சொன்னதும் எல்லாரும் பாக்கத்தானே?"

அவன் மேனேஜரைப் பார்த்தான், முதலாளியம்மாவைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். தப்பிக்க ஒரு கதவும் இல்லை.

"சிவப்புத் துணியக் கலந்தது நான்" என்றான்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"அன்னைக்கு சிவப்புத் துணியக் கலந்தது நான்! வெளுத்தது அக்கா. மைக்கறை, துருக்கறை எல்லாமே அக்காதான். எனக்கு ஒண்ணும் தெரியாது." கடைசிச் சொல் உடைந்து போனது.

"கிளார்க்கய்யா, பலகையில எழுதிக்குங்க. அழகா எழுதுங்க, அன்னைக்கு எழுதின மாதிரி."

சாக்பீஸ் கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது. முதலாளியம்மா துணியை விடவில்லை. "அம்மா, இது போயிடுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போகும்மா. பட்டு நூல் ஒண்ணுகூட அசையாது. ஈரமாத்தான் இருக்கு, அது கொஞ்ச நேரம் காத்திருக்கும். நான் ரெண்டு வருசம் காத்திருந்தேன்." அவள் கை நீட்டியபடியே இருந்தது. "எண்ணு தம்பி."

"அக்கா, இந்தக் காசுல பாதிக்கு மேல நீ குடுத்த சபாஷ்தானே?"

"ஆமா. என் காசுதான். அதை உன் கையால எண்ணி வாங்கணும்னுதான் உன் பையில போட்டு வச்சேன்."

நெட்டச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ விசிலடித்தார்கள். பாவமாக இருக்கவில்லையா அம்மா என்று பிறகு மகள் கேட்டாள். கறையம்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.

அவன் கவரைப் பிரித்தான். முதல் நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"வாய்விட்டு" என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. பத்தைத் தாண்டியதும் அறுபது பேரும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். அவள் கை இறங்கவில்லை. முப்பதில் அவன் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். போதும் என்று சொல்லுவாளோ என்று ஒரு நப்பாசை. அவள் விரல்களை இன்னும் அகலமாக விரித்தாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு. கவரில் இன்னும் மிச்சம் இருந்தது, அது அவனுடையது, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

முப்பத்தெட்டாவது நோட்டை அவன் மற்றவற்றின் மேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டான்.